தேய்ந்த எழுத்தின் மிடுக்கு

கேள்வி: சினிமா போஸ்டர்களிலும் டி-ஷர்ட்களிலும் மை உதிர்ந்து, கீறல் விழுந்தாற்போல் தடித்த எழுத்துகள் வருகின்றனவே, இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? எதற்குப் பொருந்தும்?

பதில்: இதன் முக்கியமான வேர் மர அச்செழுத்து. 1827-இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செதுக்கத் தொடங்கினார். ஈயத்தில் வார்த்தால் பெரிய எழுத்து கனக்கும், சீராக ஆறாது. மரம் லேசு, மலிவு. சர்க்கஸ், நாடகம், ஏலம் என்று சுவரொட்டிகளை அது பிடித்துக்கொண்டது. பல்லாண்டுப் புழக்கத்தில் விளிம்பு மழுங்கும், முகத்தில் வெட்டு விழும். அந்தப் பள்ளத்தில் மை ஒட்டாமல் தாளில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். நாஷ்வில்லில் 1879-இல் தொடங்கிய ஹாட்ச் ஷோ பிரிண்ட் அச்சகம் இன்றும் மர எழுத்துகளைக் கோத்து இசை நிகழ்ச்சி போஸ்டர்களை அடிக்கிறது.

கணினி எழுத்துருக்கள் அந்தத் தேய்மானத்தைத் திட்டமிட்டு வரைகின்றன. பல எழுத்துருக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஒரே சொல்லில் இரண்டு 'க' வந்து, இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால் போலித்தனம் பளிச்செனத் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் மாற்று வடிவங்கள் உள்ள எழுத்துருவாகப் பார்த்து வாங்குவது நல்லது.

படத் தலைப்பு, இசைத்தட்டு உறை, காபிப் பொட்டலம் ஆகியவற்றில் இந்தப் பாணி கம்பீரமாக நிற்கும். பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளியை அந்தக் கீறல்களே விழுங்கிவிடும். 'க்' என்பது 'க' ஆகிவிடும். புள்ளியை மட்டுமாவது சேதமில்லாமல் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.