கேட்கக் கேட்க இனிக்கும் கானம்

உற்சவம் சேவிக்க எழுந்தருளியிருக்கும் அடியார் பெருமக்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம்.

எம்பெருமான் திருவீதிப் புறப்பாடு கண்டருளும்போது, முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத கோஷ்டியும் செல்வது நம் திருக்கோயில்களின் மரபு. நாதஸ்வரம் ஒலிக்கும் இடத்தில் மக்கள் நெருங்கி நின்று சுவைக்கின்றனர். பிரபந்த கோஷ்டி வரும்போதோ கைகூப்பி விலகி நிற்கின்றனர். அது மரியாதையே ஆயினும், அந்த ஓசையில் பலருக்கு நாட்டமில்லை என்பதும் உண்மை. “ஒரே வகையாக நீட்டி ஒப்பிக்கின்றார்களே, இதில் இசை எங்கே இருக்கிறது?” என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. அடியேனும் ஒரு காலத்தில் அவ்வாறு கேட்டவனே.

தட்டாஞ்சாவடியில் அடியேன் வளர்ந்த இல்லத்தில் விடியுமுன் எழும் முதல் ஓசை திருத்தகப்பனாரின் குரலாகவே இருக்கும். தொழிற்பேட்டைக்குப் பணிக்குப் புறப்படுமுன் ஒரு பதிகமேனும் சேவிப்பது அவருடைய நியமம். அடியேனுக்கோ வானொலிக் கச்சேரிதான் இசை. ராகம் விரிய வேண்டும், ஸ்வரங்கள் துள்ள வேண்டும், மிருதங்கம் முழங்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாத அந்தச் சேவை செவிக்குக் கைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு படித்த நாள்கள் பல. ஒருநாள் அதை அவர் கண்டுவிட்டார். கடிந்து கொள்ளவில்லை. “வெளியே நின்று கேட்டால் அப்படித்தான் இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்து பாருடா” என்று மட்டும் சொன்னார். அடியேன் உட்காரவில்லை.

இசையில் விருப்பும் வெறுப்பும் நமக்கு மட்டும் உரியவை அல்ல. குருபரம்பரை நூல்கள் ஒரு வரலாறு கூறுகின்றன. சோழ மன்னன் ஒருவன் அவையில் இரு நங்கையர் பாடினர். ஒருத்தி பாடியது மனுஷ்ய கானம். மற்றவள் பாடியது தேவகானம். மன்னன் முன்னவளைக் கொண்டாடினான்; தேவகானம் அவன் செவிக்கு ஏறவில்லை. மனம் நொந்த அந்நங்கை வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து மன்னனார் திருமுன்பே பாடினாள். அங்கிருந்த ஸ்ரீமந்நாதமுனிகள் அக்கானத்தின் அருமையை உணர்ந்து அவளைப் பெருமைப்படுத்தினார்.

செய்தி கேட்ட மன்னன் வியந்து நாதமுனிகளை அணுகினான். அவர் வாதம் செய்யவில்லை. பல தாளங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஓசையைக் கொண்டே பிரித்துரைத்தார். கானத்தில் குறையில்லை, தன் செவிக்குத்தான் பயிற்சி போதவில்லை என்பதை மன்னன் அப்போது அறிந்தான்.

நாதமுனிகளின் செவி எங்ஙனம் பழகியது? அதற்கும் அவர் சரிதமே விடை தருகிறது. திருக்குடந்தைப் பெருமாளைப் பாடிய பத்துப் பாசுரங்களை யாத்ரிகர் சிலர் சேவிக்கக் கேட்டு, எஞ்சியவற்றையும் பெறவேண்டுமென்று அவர் திருக்குருகூர் சென்றார். அங்கே மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பை 12,000 முறை அநுஸந்தித்தார் என்பது ஸம்ப்ரதாயம். பதினொரு பாசுரங்களையே திரும்பத் திரும்பச் சொன்ன அவருக்குத்தான் நாலாயிரமும் கிட்டிற்று. பின்னர் அவர் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் அவற்றை இசையோடு பயிற்றுவித்தார். பாசுரங்களுக்குப் பண்ணும் தாளமும் வகுத்த குறிப்புகளைப் பழைய பதிப்புகளிற் காணலாம். ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குல்லாய் தரித்து, கையில் தாளம் ஏந்தி அரையர்கள் நிகழ்த்தும் சேவை அம்மரபில் வந்ததாகும்.

கோஷ்டியாகச் சேவிக்கும் முறை இதனின் வேறானது. அதில் ஸ்வரங்களின் ஏற்ற இறக்கம் குறைவு. இது வறுமையன்று, வேண்டியே அமைந்த அடக்கம். எண்பது வயது முதியவரும் எட்டு வயதுச் சிறுவனும் ஒரே ஸ்தாயியில் கலந்துகொள்ள வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கும்போது அருகிலிருப்பவர் குரல் பாசுரத்தைத் தாங்கிச் செல்ல வேண்டும். சொல் சிதையாமல் பொருள் துலங்க வேண்டும். திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாய் அமைந்தவை. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். அந்தத் தொடர்ச்சியில் செல்பவனுக்கே அதன் நடை விளங்கும். கச்சேரி, கேட்போர்க்காகப் பாடப்படுவது. கோஷ்டியில் கேட்போர் என்று தனியே எவரும் இல்லை. பெருமாள் ஒருவரே கேட்பவர். ஆகவே புறத்தே நின்று கச்சேரியின் அளவுகோலால் அதை அளந்தால் அது குறைபட்டதாகவே தோன்றும்.

இதை அடியேன் நூல் கற்று அறிந்தேனல்லேன். திருத்தகப்பனார் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின்னர், காரியங்கள் நிறைவுற்ற நாளில், கோஷ்டியார் இல்லத்திற்கு வந்து இயல் சேவித்தனர். கர்த்தா ஆனபடியால் அன்று அடியேன் அவர்கள் நடுவே அமர நேர்ந்தது. எவ்வளவோ ஆண்டுகள் அவர் அமர்ந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. சேவை தொடங்கிச் சிறிது நேரத்தில் அடியேனுடைய உதடுகள் தாமே அசைவதை உணர்ந்தேன். கற்காத பாசுரங்கள் வாயில் வந்தன. சாத்திய கதவையும் கடந்து அந்தக் குரல் நாள்தோறும் உள்ளே வந்திருக்கிறது! வெறுத்த செவியே அதைச் சேர்த்து வைத்திருக்கிறது. சில பாசுரங்களில் அடியேன் தடுமாறியபோது இருபுறமும் இருந்தவர்கள் குரலை உயர்த்தித் தாங்கிக்கொண்டனர். உள்ளே வந்து உட்கார் என்று அவர் சொன்னதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. அதை அவரிடம் சொல்ல அவர் இல்லை.

அந்தக் குறை அடியேனைவிட்டு நீங்காது. அது மற்றவர்க்கு நேராதிருக்கவே இதை எழுதலானேன். கோஷ்டிகளில் நரைத்த தலைகளே மிகுதி. ஒரு குரல் நின்றால் அவ்விடத்தில் மற்றொரு குரல் வந்தாக வேண்டும்.

வழி எளிது. முதலில் ஒரே ஒரு பதிகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பொருளைப் பெரியோர் ஒருவரிடம் கேட்டறியுங்கள். சந்தை முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். அவ்வாறே சொல்லிப் பழகுங்கள். கச்சேரி இசையில் பழகியவர்கள், அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் மெட்டமைத்த திருப்பாவையைக் கேட்டுப் பாசுரங்களை நெஞ்சில் இருத்திக்கொண்டு, பிறகு மார்கழி விடியலில் அதே முப்பதையும் கோஷ்டியில் சேவிக்கலாம். முதல் நாளிலேயே இனிக்காவிடில் வருந்த வேண்டா. நெல்லிக்கனி மெல்லும்போது துவர்க்கும். நீர் பருகியபின் இனிக்கும்.

இன்றைய புறப்பாட்டில் கோஷ்டி உங்களைக் கடந்து செல்லும்போது விலகி நில்லாமல் பத்தடியேனும் உடன் நடந்து பாருங்கள். தெரிந்த ஒரு சொல் வரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சேவிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பாராயின், நாளை விடியலில் அவர் அருகே சென்று அமருங்கள். அவர் இருக்கும்போதே அமருங்கள்.