மழை குறைந்தால் நமக்கென்ன?

கேள்வி: நாட்டின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு ஏறக்குறைய 18 சதவீதம்தான் என்கிறார்கள். ஒரு வருடம் பருவமழை குறைந்தால், நகரத்தில் சம்பளம் வாங்கும் எங்களுக்கு என்ன பாதிப்பு?

பதில்: அந்த 18 சதவீதத்தை நம்பித்தான் உழைப்பவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். 2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. காவிரியும் கைகொடுக்கவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். சம்பா கருகியதைப் பலரும் எழுதினார்கள். நிலமில்லாதவர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. நடவு, களையெடுப்பு, அறுப்பு எதுவும் இல்லையென்றால் கூலிக்குப் போகும் பெண்ணின் வீட்டில் அடுப்பு எரியாது. பயிர் இன்ஷூரன்ஸ் பயிர் வைத்தவருக்குத்தான். வைக்கோல் இல்லாமல் மாட்டைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் விற்பார்கள். பால் காசும் போகும். தோடு அடகுக்கடைக்குப் போகும். ஊரில் பணம் புழங்காவிட்டால் டவுன் ஜவுளிக்கடையிலும் பைக் ஷோரூமிலும் வியாபாரம் படுத்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு அந்த மழைக் குறைவு விலைவாசி உயர்வாக வரும். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அரிசி விலை ஏற்றத்துக்கு அஞ்சி, ஜூலையிலேயே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டிருந்தது. பருப்பும் காய்கறியும் விலை ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கத் தயங்கும். உங்கள் வீட்டுக் கடன் தவணை குறையாமல் நின்றால், அதில் பொய்த்த மழைக்கும் பங்கு இருக்கும்.