விறகுக் கணப்படுப்பு விரைவில் அவிவதேன்?

வட அமெரிக்காவின் வடபாகத்திலும், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து முதலிய தேசங்களிலும், குளிர்காலத்தில் குடும்பத்தைக் காக்கும் பொருள்களுள் விறகுக் கணப்படுப்பும் ஒன்று. அது சமையலுக்கென அமைந்ததன்று. உறைபனிக் காலத்தில் வீட்டினுள் வெப்பத்தை நிலைநிறுத்துதற்கென வார்ப்பிரும்பாலோ எஃகுத் தகட்டாலோ செய்யப்பட்ட பெட்டியாகும். முன்புறம் கண்ணாடி பதித்த கதவும், காற்றை அளவிட்டு உள்ளே விடும் வாயிலும், கூரையைக் கடந்து மேலே செல்லும் புகைபோக்கியும் அதற்கு உறுப்புக்கள். இரவு 10 மணிக்கு விறகை நிறைத்துக் கதவை அடைத்தால், விடியலில் எழுந்து பார்க்கும்போது தணல் எஞ்சியிருத்தல் வேண்டும். அத்தணலின்மேல் இட்ட புது விறகு தீக்குச்சியின் உதவியின்றியே பற்றிக்கொள்ளல் வேண்டும். இதுவே நல்ல அடுப்பின் இலக்கணம்.

இதனை அற்ப விஷயமென்று எண்ணற்க. 1998-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கனடாவின் கிழக்குப் பகுதியில் பெய்த பனிக்கட்டி மழையால் மின்சாரக் கம்பங்கள் சாய்ந்து, லட்சக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் ஆழ்ந்தன. சில ஊர்களில் வாரக்கணக்காக மின்சாரம் மீளவில்லை. அத்தகைய நாட்களில் விறகடுப்பு உள்ள வீட்டாருக்கு அதுவே உற்ற துணை. குளிர் பூஜ்யத்திற்கு 20 பாகை கீழிறங்கிய இரவில், எட்டு மணி நேரம் நின்றெரிய வேண்டிய அடுப்பு நான்கு மணி நேரத்தில் அவிந்துவிடுமாயின், அவ்வீட்டிலுள்ள முதியோரும் குழந்தைகளும் படும் அல்லலைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் அடுப்பு விரைவில் அவிவதற்குரிய காரணங்கள் யாவை, அவற்றை எம்முறையில் ஆராய்ந்து காண்பது என்பதை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

விறகு எரியும் விதம்

விறகு எரிகிறது என்று நாம் பொதுப்படச் சொல்லினும், அதனுள் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, விறகிலுள்ள நீர் ஆவியாய் வெளியேறுதல். இரண்டாவது, 200 பாகைக்கு மேல் சூடேற ஏற, மரத்தின் பொருள் சிதைந்து பற்றியெரியத்தக்க வாயுக்களை வெளியிடுதல். நாம் சுடரென்று காண்பது இவ்வாயுக்கள் எரிவதையே. மூன்றாவது, எஞ்சிய கரி பிராணவாயுவோடு கலந்து சுடரின்றிக் கனலுதல். சுடர் என்பது எரியும் வாயுவே என்னும் உண்மையை மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர், 1848-லும் 1860-61-லும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞருக்கு நிகழ்த்திய பிரசங்கங்களில், ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே விளக்கிக் காட்டினார்.

இவ்வாயுக்கள் முற்றும் எரிவதற்கு 600 பாகையளவு சூடு வேண்டும். அச்சூடு இல்லையேல் அவை புகையாகவே வெளியேறிவிடும். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்டது அவ்வாயுக்களிலேயே உள்ளது. ஆகவே அடுப்பு நெடுநேரம் எரிதற்கு இரண்டு நியதிகள் உள்ளன. காற்று மிகுந்தால் விறகு விரைவில் எரிந்து தீரும். சூடு குறைந்தால் விறகு வீணே புகையாய்ப் போகும். பின்வரும் காரணங்கள் யாவும் இவ்விரண்டனுள் அடங்கும்.

எந்த நேரத்தைக் கணக்கிடுகிறோம்?

குறையை ஆராயுமுன் அளவை ஒழுங்குபடுத்தல் வேண்டும். சிலர் சுடர் மறையும்வரை உள்ள காலத்தையே எரியும் நேரம் என்பர். அடுப்புச் செய்வோரோ, மறுமுறை விறகு பற்றுதற்குப் போதுமான தணல் எஞ்சியிருக்கும்வரை கணக்கிடுதல் பெரும்பான்மை. இவ்விரண்டிற்கும் இடையே பல மணி நேரம் வேறுபாடு உண்டு. ஆகையால் சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிடுவோர், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தனரா என்பதை முதற்கண் தெளிதல் நன்று.

முதற் காரணம்: மரத்தின் இனம்

எடைக்கு எடை நோக்குமிடத்து, உலர்ந்த மரங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருவன. ஆயின் அடுப்பில் விறகை நாம் எடையால் நிறைப்பதில்லை, இடத்தால் நிறைக்கிறோம். ஓக் போன்ற வைரமரம் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம் எடையுள்ளது. ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரமோ 420 கிலோகிராம் அளவினதே. 50 லிட்டர் கொள்ளும் அடுப்பில் பாதியிடத்தை மரம் நிரப்புமென்று கொள்வோம். ஓக் ஆயின் 17½ கிலோகிராமும், ஸ்ப்ரூஸ் ஆயின் 10½ கிலோகிராமும் அதில் அடங்கும். ஒரே வேகத்தில் எரியுமாயின், முன்னது 10 மணி நேரம் நிற்கும் அடுப்பில் பின்னது 6 மணி நேரமே நிற்கும். விறகுக்காரர் வேறினத்து மரத்தைக் கொணர்ந்து இறக்கியதையறியாது அடுப்பைக் குறைகூறுதல் தகுமோ?

இரண்டாவது: ஈரம்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். எரித்தற்குரிய விறகில் அது நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. பாதி நீரான 10 கிலோகிராம் பச்சை விறகில் 5 கிலோகிராம் நீர் உண்டு. அதனை ஆவியாக்குவதற்கு மட்டும், எஞ்சிய மரம் தரும் வெப்பத்தில் ஏழிலொரு பங்கு செலவாகும். இதனினும் பெருநஷ்டம் வேறொன்று: நீராவி அடுப்பின் சூட்டைத் தணித்துவிடுதலால், முற்கூறிய வாயுக்கள் எரியாமலே மேலே போய்விடுகின்றன.

இங்கே மாணவர் ஒரு வினாவை எழுப்பக்கூடும்: "ஈரவிறகு மெள்ளவன்றோ எரியும்? அதனால் நேரம் எவ்வாறு குறையும்?" என்பர். நல்ல வினாவே. ஈரவிறகு தானே மெள்ளத்தான் எரியும். ஆயின் அதனை அவியாமற் காப்பதற்கு வீட்டுக்காரர் காற்று வாயிலை முழுதும் திறந்துவைக்க நேரிடுகிறது. அக்காற்று வெப்பத்தை அறையில் தங்கவிடாது புகைபோக்கி வழியே அள்ளிச் செல்கிறது. விறகும் தீர்கிறது, வீடும் சூடேறவில்லை.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசிகளையுடைய சிறு கருவி கடைகளிற் கிடைக்கும். விறகின் வெளிப்புறத்தில் அதனை ஊன்றினால் பயனில்லை. கட்டையைப் பிளந்து, புதிதாய்த் தோன்றிய உட்பக்கத்தில் ஊன்றல் வேண்டும். ஓக் மரம் பிளந்து அடுக்கியபின்னும் இரண்டு கோடைகளேனும் உலர வேண்டுமென்பது அத்தேசத்தார் அனுபவம்.

மூன்றாவது: பிளப்பும் அடுக்கும்

20 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டையின் மேற்பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள எட்டுக் கட்டைகளாக்கினால், மரம் கூடவில்லை. மேற்பரப்போ 4,800 ஆகிறது. தீ பற்றுவது மேற்பரப்பிலேயாதலால், சிறு பிளப்புகள் விரைந்து எரியும். தீ மூட்டுதற்குச் சிறாய்களும், இராத்தங்கலுக்குப் பருங்கட்டைகளும் ஏற்றவை. தணலை முன்புறம் இழுத்துத் திரட்டி, பருங்கட்டைகளை அதன் பின்னே இடைவெளி குறையுமாறு நெருங்க அடுக்கினால், தீ முன்னிருந்து பின்னாக மெள்ளப் பரவும். சாம்பலை அடியோடு வாரிவிடலும் பிழையே. இரண்டு சென்டிமீட்டர் அளவு படுகை தணலை மூடிக் காக்கும்.

நான்காவது: கள்ளக் காற்று

பழைய அடுப்புக்களில் இதுவே பெரும்பாலும் குற்றவாளி. கதவின் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி நாராலாகிய கயிறொன்று பதிக்கப்பட்டிருக்கும். நாள்படச் சூட்டால் அது இறுகித் தட்டையாகிவிடும். அப்பொழுது, வாயிலை அடைத்தபோதிலும் காற்று விளிம்பின் வழியே புகும். இதனை அறிய எளிய சோதனை உண்டு. அடுப்பு ஆறியபின் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்க்கவும். இறுகப் பிடித்தால் அவ்விடம் செம்மையானது. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் கயிறு கெட்டது. இவ்வாறு நாற்புறமும், சாம்பல் தட்டின் கதவிலும் சோதித்தல் வேண்டும். எரியும்போது ஓர் ஊதுவத்தியை விளிம்பருகே மெள்ளக் கொண்டு சென்றால், புகை உள்ளிழுபடும் இடம் கண்ணுக்கே புலனாகும். கயிற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பமே.

ஐந்தாவது: புகைபோக்கியின் இழுப்பு

புகைபோக்கி இழுப்பதன் காரணம், உள்ளிருக்கும் சூடான வாயு வெளிக்காற்றினும் இலேசாயிருத்தலே. பூஜ்ய பாகையில் ஒரு கனமீட்டர் காற்று 1.29 கிலோகிராம் எடையுள்ளது. 200 பாகையில் 0.75 கிலோகிராமே. இவ்வேறுபாட்டைப் புவியீர்ப்பு வேகவளர்ச்சியாகிய 9.8-ஆலும், புகைபோக்கியின் உயரமாகிய 6 மீட்டராலும் பெருக்கினால், ஏறத்தாழ 32 பாஸ்கல் கிடைக்கும். வெளியே குளிர் பூஜ்யத்திற்கு 20 பாகை கீழிறங்கின் அது 38 ஆகும். புகைபோக்கியின் உயரமும் 9 மீட்டராயின் 57 ஆகும். உராய்வினால் இவற்றிற் சிறிது குறையுமாயினும், ஐரோப்பிய அடுப்புச் சோதனைகளில் வழக்கமாகக் கொள்ளும் இழுப்பு 12 பாஸ்கலே என்பதை ஒப்பிட்டு நோக்குக. கடுங்குளிர் இரவில் அடுப்பு விரைந்து எரிவதன் மர்மம் இதுவே. உயர்ந்த புகைபோக்கியுள்ள வீட்டார், அடுப்பைச் செய்தோர் இசைவு தெரிவித்திருப்பின், குழாயினுள் திருப்புத் தகடொன்றை அமைத்து இழுப்பைத் தணிக்கலாம்.

ஆறாவது: உள்ளுறுப்புக்களின் கேடு

அடுப்பின் மேற்பகுதியில் சுடரை மடக்கித் திருப்பும் தடுப்புத் தகடு உண்டு. அது இடம்பெயர்ந்தால் சுடர் நேரே புகைபோக்கிக்குள் பாயும். சில அடுப்புக்களில் தேனடை போன்ற துளைகளையுடைய கிரியா ஊக்கியும் உண்டு. 1970-களின் பிற்பகுதியிலிருந்து வழக்கிற்கு வந்த அதன்மேற் பூசிய பிளாட்டினம், பலேடியம் முதலிய உலோகங்கள், 260 பாகையளவிலேயே புகையை எரித்துவிடும். சாம்பலால் துளைகள் அடைபட்டாலும், சாயம் பூசிய மரம், பிளாஸ்டிக் முதலியவற்றை எரித்ததனால் உலோகப் பூச்சு கெட்டாலும் அதன் ஆற்றல் குன்றும். அடுப்பு நன்கு சூடேறியபின்னும் புகைபோக்கியின் உச்சியில் கரும்புகை தோன்றுமாயின், இக்குறையை ஐயுறலாம்.

அவசரப் பரிகாரத்தின் ஆபத்து

நேரத்தை நீட்டிக்க வேண்டுமென்று, விறகு நன்கு பற்றுமுன்னரே காற்றை அடைத்துவிடுவோர் உளர். இது பெருந்தீங்கு விளைக்கும். எரியாத புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரிற் படிந்து கிரியோசோட்டு என்னும் தார்போன்ற பசையாகும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரிந்து, வீட்டிற்கும் தீ பரவும். மேலும், காற்றின்றிப் புழுங்கும் தணல் கார்பன் மொனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும். ஆகையால் விறகு முழுதும் பற்றிச் சுடர்விட்டபின், காற்றைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. புகைபோக்கியை ஆண்டுக்கொருமுறையேனும் துடைத்தலும், அந்நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை வீட்டில் வைத்தலும் இன்றியமையாதன. வாரிய சாம்பலை மூடியுள்ள உலோகப் பாத்திரத்திலிட்டு வெளியே வைக்க. அதனுள் தணல் நாட்கணக்கில் மறைந்திருக்கும்.

ஆராயும் முறை

காரணங்கள் பலவாயிருக்கையில், எல்லாவற்றையும் ஒரேநாளில் மாற்றுவோர் எதனையும் அறியார். கயிற்றையும் மாற்றி, விறகையும் மாற்றி, தகட்டையும் பொருத்தியபின் அடுப்பு நன்கு எரியின், எது குற்றவாளி என்று சொல்ல இயலுமோ? ஒரு குறிப்புப் புத்தகத்தில் இட்ட விறகின் எடை, இனம், ஈரம், வெளியுஷ்ணம், காற்று வாயிலின் நிலை, விறகிட்ட நேரம், தணல் தீர்ந்த நேரம் என்பவற்றை நாடோறும் எழுதி வருக. ஒருகால் ஒன்றையே மாற்றுக. மற்றவை யாவும் முன்போலவே நிற்க. செலவற்ற சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைப் பின்னரும் செய்க: முதலில் விறகைப் பிளந்து ஈரம் நோக்கல், அடுத்துக் காகிதச் சோதனை, அதன்பின் தடுப்புத் தகடு, இறுதியிலேயே புகைபோக்கி. காற்றை முற்றும் குறைத்த சில நிமிஷங்களில் சுடர் சோம்பி அசையுமாயின், கதவும் பொருத்துக்களும் பெரும்பாலும் செம்மையாயுள்ளன என்று கொண்டு விறகை ஆராய்க. சுடர் முன்போலவே துள்ளுமாயின், கள்ளக் காற்றையும் இழுப்பையும் ஆராய்க. இவ்வொரு குறியே ஆராய்ச்சியின் பாதித் தொலைவைக் கடத்திவிடும்.

இம்முறையைக் கைக்கொள்ளும் வீட்டார், குளிர் கடுமையாகுமுன், இலையுதிர் காலத்திலேயே இதனைத் தொடங்குவாராக. கயிறு கெட்டதென்று ஐப்பசியில் அறிந்தால் அரைநாள் வேலை. தையில் நள்ளிரவில் அறிந்தால், அவ்விரவை எவ்வாறு கழிப்பதென்பதே பெருங்கேள்வியாகிவிடும்.