பொறாமையும் போதுமென்ற மனமும்

மக்கள் உள்ளத்து எழும் தீக்குணங்களுட் பலவற்றிற்குச் சிறியதோர் இன்பமாவது கூலியாகக் கிடைக்கின்றது. பெருந்தீனி உண்பான் உணவிற் சுவை காண்கின்றான். உலோபி தன் பொருளை எண்ணியெண்ணி மகிழ்கின்றான். பொறாமையுடையானோ யாதோர் இன்பமும் பெறுவதிலன். அயலான் வீட்டில் விளக்கெரிவதால் இவன் வீடு இருளடைவதில்லை. எனினும் இவன் உள்ளம் இருண்டு போகின்றது. பயன் சிறிதுமற்ற இத்தீக்குணத்தை வெல்லுமாறு யாது? கிறிஸ்துமார்க்கம் இதற்குக் கூறும் விடையை இங்கே சிறிது ஆராய்வோம்.

பொறாமை என்னும் சொல்லே அதன் இயல்பை நன்கு விளக்கும். 'பொறு' என்னும் பகுதியினின்று பிறந்து, பொறுக்கமாட்டாமை எனப் பொருள்படுவது அச்சொல். எதனைப் பொறுக்கமாட்டாமை? தனக்கு வந்த துன்பத்தையன்று. பிறர்க்கு வந்த நன்மையை. திருவள்ளுவனார் பொறையுடைமையை 16-ஆம் அதிகாரமாக வைத்து, அதனையடுத்து அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்னும் மூன்றனையும் முறையே 17, 18, 19-ஆம் அதிகாரங்களாக வைத்தனர். இவ்வைப்புமுறையை உற்றுநோக்குங்கால் ஒரு நோயின் வளர்ச்சியே நம் கண்முன் தோன்றும். பிறர் ஆக்கத்தைக் காணப் பொறாதவன், பின்னர் அதனைத் தனதாக்கிக்கொள்ள விரும்புகின்றான். அஃது இயலாதாயின், அவர் இல்லாவிடத்து அவரைப் பழிக்கின்றான்.

இந்நோயையும் இதன் மருந்தையும் ஒரே குடும்பத்தில் வைத்துக் காட்டுவது சாமுவேலின் முதலாம் புத்தகம். கோலியாத்தைக் கொன்று மீண்ட தாவீதை மகளிர் ஆடிப் பாடி எதிர்கொண்டு, அரசன் புகழினும் அவ்விளைஞன் புகழைப் பதின்மடங்கு மிகுத்துப் பாடினர். தாவீதின் வெற்றியாற் காக்கப்பட்டது சவுலின் நாடேயன்றோ? ஆயினும் தன் நாட்டைக் காத்தவனையே சவுல் பகைத்தான். தன் துயர் தீரச் சுரமண்டலம் வாசித்தவன்மீதே ஈட்டியை எறிந்தான்.

அவன் மகன் யோனத்தானோ அரியணைக்கு உரிமை பூண்டவன். தாவீதின் உயர்வால் மிகுதியும் இழக்கவேண்டியவன் அவனே. தாவீது உயிரோடிருக்குமளவும் மகனுக்கு அரசு நிலைபெறாதென்று தந்தையே எடுத்துரைத்தும், அவன் நட்பிற் பிறழவில்லை. தன் மேலாடையையும் வாளையும் வில்லையும் முன்னரே நண்பனுக்கு ஈந்த அவன், பின்னர்க் காட்டில் ஒளிந்திருந்த தாவீதை நாடிச் சென்று, கடவுளை முன்னிட்டு அவனைத் திடப்படுத்தினான். அரசு தாவீதுக்கே உரியதாகுமென்றும், தான் அதற்கு அடுத்த நிலையில் அமைந்திருப்பதாகவும் கூறினான். தந்தையும் மகனும் கண்டது ஒரே தாவீதைத்தான். அரசைத் தன் உடைமையென எண்ணினான் தந்தை. கடவுளின் ஈவென எண்ணினான் மகன். இருவர்க்கும் இடையே நின்ற வேறுபாடு இதுவே என்பது எம் கருத்து.

நம் ஆண்டவர் அருளிய திராட்சத்தோட்ட உவமையும் இதனை வலியுறுத்தும். விடியற்காலையில் வந்த வேலையாட்கள் ஒரு பணம் கூலியென ஒப்பியே வேலை செய்தனர். மாலையில் ஒரு பணமே பெற்றனர். அவர்களுக்கு முதலிற் கூலி கொடுத்து அனுப்பியிருப்பின், மகிழ்ந்தே வீடு சென்றிருப்பர். ஒரு மணிநேரமே உழைத்தவனும் அதனையே பெற்றதைக் கண்டபின்னரே முறுமுறுத்தனர். கையிலிருந்த பணம் குறையவில்லை. பக்கத்திலிருந்தவன் கையை நோக்கியதால் மனமே குறைந்தது.

இவற்றையெல்லாம் பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதி எமக்கு உண்டென்று கருதி எழுதினோமல்லேம். சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியிற் கலந்துகொண்டு, பரிசு எமக்கே என்று நம்பியிருந்தோம். அஃது எம் அறையில் உடனுறையும் நண்பருக்குக் கிடைத்தது. பெயர் வாசிக்கப்பட்டபோது எம் கைகள் கொட்டின, உள்ளம் மகிழவில்லை. அன்றிரவே விடுதியில் அவர் கட்டுரையின் குறைகளைப் பிறரிடம் விரித்துரைத்தோம். அக்கட்டுரையை யாம் அதுகாறும் படித்ததுமில்லை! வள்ளுவனார் நான்கு அதிகாரங்களில் வகுத்த நெறியினின்று ஒரே நாளில் வழுவி வீழ்ந்தமையை எண்ணி நாணினோம்.

மறுநாட் காலை செபத்தில் அவருக்குக் கிடைத்த நன்மைக்காகக் கடவுளுக்கு நன்றி கூற முயன்றோம், நா எழவில்லை. சில நாள் இடைவிடாது முயன்றபின்னரே அச்சொற்கள் உள்ளத்தினின்று வந்தன. பின்பு அவரிடம் எம் பிழையைச் சொல்லிக் கட்டுரையை வாங்கிப் படித்தோம். யாம் மூன்று பக்கத்திற் கூறியதை அவர் ஒரு பத்தியிற் கூறியிருந்தார். அவரோ நகைத்து, தம் கட்டுரையில் யாம் காணாத இரு குறைகளைத் தாமே காட்டினார்! பரிசினும் பெரியதோர் ஊதியத்தை அன்று பெற்றோம்.

போதுமென்ற மனம் சோம்பலாகாதோ எனச் சிலர் வினவலாம். இதற்குப் பவுலடிகள் பிலிப்பியருக்கு எழுதிய நிருபமே விடையாகும். விலங்கு பூண்டிருந்த காலத்து எழுதப்பட்டது அது. குறைவிலும் நிறைவிலும் மனம் அமைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதிற் கூறுகின்றார். அவர் அதனைப் பிறவியிற் பெற்றிலர், கற்றே பெற்றனர். ஆதலின் மாணவராகிய நாமும் கற்கலாம். தம்மீது பொறாமை கொண்டு சிலர் நற்செய்தி கூறியதையும் அந்நிருபத்திற் குறிப்பிட்டு, எவ்வாறாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுதலின் தாம் மகிழ்வதாக உரைக்கின்றார். அங்கேயே, தாம் இன்னும் முற்றுப்பெறவில்லையென்றும் இலக்கை நோக்கித் தொடர்ந்து முன்னேறுவதாகவும் சொல்லுகின்றார். மனநிறைவு காலை முடக்குவதன்று. ஓடுகின்றவனின் கண்ணை அயலானிடத்தினின்று இலக்கிற்குத் திருப்புவது.

ஆதலின் மாணவ நண்பர்களே, தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் பெயரைத் தேடிய கண்ணால் நண்பர் பெயரையும் தேடுவோமாக. அது நம் பெயர்க்கு மேலே நிற்குமாயின், அன்றிரவு செபத்தில் அப்பெயரைச் சொல்லி நன்றி கூறுவோமாக. முதனாள் நா எழாதாயினும் அஞ்சவேண்டுவதில்லை. மனநிறைவைப் பவுலடிகளுக்குக் கற்பித்த ஆண்டவர் நமக்கும் கற்பிப்பார்.