ஒரு லிட்டர் ஜாடி

அன்புள்ள தம்பி,

ஓட்டலின் சுற்றுச்சூழல் பொறுப்பை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சான்றிதழ் லாபியில் தொங்குகிறது, புதுப்பிக்க எட்டு மாதம்தான் இருக்கிறது, எங்கிருந்து தொடங்க என்று கேட்டாய். சென்னை ஓட்டல்களில் முப்பது வருடம் இன்ஜினியரிங் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: ஃபைலை மூடிவிட்டு முதலில் கீழே எஸ்.டி.பி.க்கு, அதுதான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, போ.

ஏரேஷன் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து வைக்கச் சொல்லி, அரை மணி நேரம் நீயும் பக்கத்தில் நில். பழுப்பு நிறச் சகதி மெல்லப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் நன்றாக இருக்கின்றன. கருத்து, நாற்றமடித்து, கலங்கியே கிடந்தால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. இரவில் ப்ளோயர் நின்றிருக்கும், அல்லது கிச்சன் கிரீஸ் டிராப்பை வாரக்கணக்கில் யாரும் வழிக்காமல் எண்ணெய் இறங்கியிருக்கும், அல்லது யாராவது பிளீச்சை வாளியோடு கொட்டியிருப்பார்கள். கொட்டிய பையனைத் திட்டாதே. போன வாரம் வேலைக்குச் சேர்ந்திருப்பான். அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சான்றிதழ் வாங்கிய வருடம் பயிற்சி எடுத்தவர்களில் இன்று எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார், உனக்கே புரியும். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கும் இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு ஒட்டி என்ன பயன்? அவர்கள் பாஷை தெரிந்த சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு மாதாமாதம் மறுபடி சொல். சலிக்காமல் சொல்.

அடுத்து, ஷவர் தண்ணீரை அளக்க ஒரு வாளியோடு அறைகளுக்குப் போ. கிரீன் கீ போன்ற சான்றிதழ்கள் ஷவருக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் என்று வரம்பு வைக்கின்றன. முதல் ஆடிட்டுக்கு எல்லா ஷவரிலும் தண்ணீரை மட்டுப்படுத்தும் வளையம் போட்டிருப்பார்கள். பிறகு ஒரு விருந்தாளி தண்ணீர் வேகமாக வரவில்லை என்று கூப்பிடுவார். மெயின்டனன்ஸ் பையன் வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவரைச் சமாதானம் செய்துவிட்டு வருவான். நம் ஊர் உப்புத் தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளவும் செய்யும், அப்போதும் கழற்றுவான். இப்படி ஒவ்வொன்றாகப் போய்விடும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர், மின்சாரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. நாங்கள் முழுக்க லாரித் தண்ணீரை நம்பினோம். ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு கடினத்தன்மை. ஆர்.ஓ.வில் கழிவாகப் போகும் தண்ணீர் கூடியது, கூலிங் டவர் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை, ஆனாலும் ஓர் அறைக்கு ஆகும் தண்ணீர் கணக்கு ஏறியது. 2020 ஊரடங்கில் அதற்கு நேர்மாறான சோதனை: அறைகள் காலி. ஆள் இல்லாவிட்டாலும் சில்லரும் வராந்தா விளக்கும் ஓடத்தான் வேண்டும். அந்த மின்சாரம் முழுவதும் தங்கியிருந்த நாலைந்து பேர் தலையில் வகுபட்டது. கழிவுநீர் வராமல் எஸ்.டி.பி. நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்தன. வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றிக் காப்பாற்றினோம்.

இப்படிப்பட்ட மாதங்களில் எண்ணை அழகாக்கச் சொல்லி மேலிருந்து ஜாடை வரும். இணங்காதே. எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் காரணத்தை எழுது. நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்; ஆனால் வருடாவருடம் கண்காணிப்பு ஆடிட் உண்டு. அப்படி ஒரு முறை வந்த ஆடிட்டர் எங்கள் எஸ்.டி.பி. லாக் புக்கைப் புரட்டினார். ஒரு மாதம் முழுக்க பி.எச். 7.2, ஒரே பேனா, ஒரே சாய்வு. மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பேட்டரியே இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். ஆபரேட்டர் தலையைக் குனிந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் இரண்டு மாதமாக அவன் பேட்டரி கேட்டுக்கொண்டே இருந்தான், நான்தான் வாங்கித் தரவில்லை. அளக்காத நாளைக் காலியாக விடு. காலிக்கட்டத்துக்கு விளக்கம் சொல்லலாம், அந்த 7.2க்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பணத்தைப் பற்றி ஜி.எம்.மிடம் பேசும்போது பூமி, பசுமை என்று ஆரம்பிக்காதே. லாரி பில்லையும் கரண்ட் பில்லையும் எடுத்துக்கொண்டு போ.

கடைசியாக, கல்யாணம். பாங்க்வெட்தான் ஓட்டலுக்குச் சோறு போடுகிறது, உன் குப்பைக் கணக்கைக் குலைப்பதும் அதுதான். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால், திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஓட்டலே பிரித்துக் கையாள வேண்டும். வருடம் முழுக்க ஒழுங்காகப் பிரிக்கிறோம். ஒரு முகூர்த்தத்தில் எல்லாம் போய்விடுகிறது. அலங்காரக்காரர் தெர்மாகோலும் ஃப்ளெக்ஸும் கொண்டுவருவார். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் கப்கூட வெளியாள் சமையலோடு உள்ளே வரும். மறுநாள் காலை குப்பை அறைக் கதவைத் திறந்தால் எச்சில் இலை, அதன் மடிப்புக்குள் தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்குள் பாயசம். அந்த இலையைக் கையால் பிரிக்கிற அம்மாவுக்கு உன் சான்றிதழைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெர்மாகோல், ஃப்ளெக்ஸ், பிளாஸ்டிக் கப் எதுவும் உள்ளே வராது என்று ஹால் புக் செய்கிற அன்றே அலங்காரக்காரரிடமும் சமையல்காரரிடமும் எழுதி வாங்கு. பந்தி முடியும் இடத்திலேயே இலைக்கு ஒரு தொட்டி, பாட்டிலுக்கு ஒரு தொட்டி வைத்து, ஆளையும் நிறுத்து.

உங்கள் ஹாலில் அடுத்த முகூர்த்தம் என்றைக்கு என்று எழுது. கடைசிப் பந்திக்கு நானும் வருகிறேன். அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேருமாக நின்று பார்ப்போம். எனக்கும் ஒரு ஜோடி கையுறை எடுத்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்