டீ டைம் பள்ளிக்கூடம்

முதலிபாளையம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. போன வாரம் உன் அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நாலு வருசமா செக்கிங் டேபிள்லயே நிக்கறான், நீங்களாச்சும் ரெண்டு வார்த்த சொல்லுங்க மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரில் சொன்னால் நீ போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாய். உன்னைப் பற்றி எழுதினாலோ, நாலாவது வரியில் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். அதனால் இதில் உன்னைப் பற்றி ஒன்றும் கிடையாது. முழுக்க ஊரார் கதை. பொறணி கேட்கிற மாதிரியே படி.

திருப்பூரின் முதல் பின்னலாடைக் கூடத்தை 1925-ல் குலாம் காதர் தொடங்கினார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டு இந்த ஊருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் பனியனும் ஜட்டியும்தான். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டீ-சர்ட் தேடி இங்கே வந்தார். அங்கிருந்து வண்டி வேகம் பிடித்தது. 1990-ல் ஏ. சக்திவேல் தலைமையில் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் பின்னலாடைக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது 1997-ல். இதே முதலிபாளையம் சிட்கோவில் இருக்கிறதே, நிஃப்ட்-டீ கல்லூரி, அதுதான்.

1978-க்கும் 1997-க்கும் நடுவில் பத்தொன்பது வருடம். உள்பனியன் மட்டுமே தைத்துப் பழகிய ஊர் அந்தப் பத்தொன்பது வருடத்தில் காலர் வைத்தது, பட்டி வைத்தது, சைஸ் சைஸாக வெட்டியது, அளவு தப்பாமல் கப்பலேற்றியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாத்தியார் கிடையாது, புத்தகம் கிடையாது. வந்த சாம்பிளைத் தையல் பிரித்துப் பார்த்தார்கள். பக்கத்து மிஷின்காரன் கையைப் பார்த்தார்கள். பகல் முழுக்க மிஷின் ஓடும்போது இதற்கெல்லாம் ஏது நேரம்? டீ வரும் கால் மணி, சாப்பாடு முடிந்து மிச்சமிருக்கும் அரை மணி, கரன்ட் போன ஒரு மணி. திருப்பூரின் பள்ளிக்கூடம் அந்த இடைவெளிகளில்தான் நடந்தது.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் இங்கே வந்து தங்கி, முதலாளிகளையும் தொழிலாளிகளையும் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 2004-ல் வெளிவந்தது. கம்பெனி நடத்துகிறவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் அதே மிஷின்களில் கூலிக்கு உட்கார்ந்தவர்கள் என்பதை அவர் கண்டார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: உழைப்பு. சாரி அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. நிலமும் சொந்தபந்தமும் சாதியும் யாருக்குக் கைகொடுத்தன, பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்றும் எழுதினார். அது நியாயம்தான். இந்த ஊரில் உழைத்தவனெல்லாம் முதலாளி ஆனான் என்று எவராவது மேடையில் பேசினால், கைதட்டிவிட்டு வந்துவிட வேண்டும்; நம்பிவிடக் கூடாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பார்த்தே முதுகு வளைந்தவர்கள் எத்தனை பேர். மேலே போனவர்கள் அவர்களைவிட அதிக நேரம் உழைத்தவர்கள் இல்லை. தன் டேபிள் வேலையோடு அடுத்த டேபிள் வேலையையும் தெரிந்து வைத்துக்கொண்டவர்கள்.

புத்தகத்தில் ஏறாத ஒரு கதை. 1986. ஒரே பவர் டேபிளில் இரண்டு பேர் கைமடி, அதாவது டெய்லருக்குத் துணையாள். இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது, ஒரே கூலி, ஒரே சைக்கிளில்தான் வருவார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒருவர் நேராக வேப்பமரத்தடிக்குப் போவார். அங்கே துண்டை விரித்துச் சீட்டாட்டம். இன்னொருவர் பத்து நிமிடத்தில் போசியைக் கழுவி வைத்துவிட்டு, ஆளில்லாத ஓவர்லாக் மிஷினில் கட்டிங் வேஸ்டை வைத்து நேர்த்தையல் போட்டுப் பார்ப்பார். "ஊசி ஒடஞ்சா உங் கூலியிலதான் புடிப்பேன்" என்று டெய்லர் சத்தம் போடுவார். ஊசியும் உடைந்தது, கூலியிலும் பிடித்தார். ஆறு மாதத்தில் அந்தப் பையன் ஓவர்லாக் டெய்லர். அப்புறம் பிளாட்லாக். அதுவும் கை வந்ததும் கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று, துணி எப்படி விரிக்கிறார், எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். 1994-ல் ஒரு தகர ஷெட்டில் ஆறு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். மாமனார் வீட்டுக் காட்டை அடமானம் வைத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடமானம் வைக்கக் காடு இருந்த எல்லாருக்கும் துணி விரிக்கத் தெரிந்திருக்கவில்லை.

வேப்பமரத்தடிக்காரர் கெட்டுப்போகவில்லை. அவரும் தொழில் கற்றார், பத்து வருடம் தாமதமாக. கட்டிங் மாஸ்டராகவே ஓய்வு பெற்றார். சீட்டில் அவர் விட்ட காசு மொத்தத்தையும் கூட்டினாலும் ஒரு ஓவர்லாக் மிஷின் விலை தேறாது. போனது காசு இல்லை, அந்த அரை மணி.

இன்றைக்கு வேப்பமரம் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. மிஷின் ஓடும்போது ரீல்ஸ் பார்க்கிற டெய்லர் கிடையாது. பார்த்தால் விரல் ஊசிக்கடியில் போய்விடும். பீஸ் ரேட்டுக்காரருக்கு நிமிடமெல்லாம் காசு. போன் அந்த நிமிடங்களைத் தொடுவதில்லை. டீ டம்ளர் கைக்கு வந்ததும் வெளியே வருகிறது, டம்ளர் காலியான பிறகும் உள்ளே போவதில்லை. தள்ளத் தள்ள அடி தட்டாத அந்தத் திரையை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பக்கம் முடிந்தால்தானே மனிதன் எழுந்து போவான், முடியாமலே வைத்துவிட்டால்? தான் செய்துவிட்டதை நினைத்துப் பிற்பாடு வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். சீட்டுக்கட்டிலாவது ஐம்பத்திரண்டு சீட்டோடு ஆட்டம் முடியும். மணி அடித்தால் துண்டை உதறிக்கொண்டு எழவும் ஆள் இருந்தார்கள்.

ரம்மியும் அதே பைக்குள் வந்தது. காசு போய் உயிரையும் விட்ட செய்திகள் தொடர்ந்து வந்தபோது, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு போட்டது, சட்டம் கொண்டுவந்தது. வழக்குகள் நடந்தன. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு வைத்து ஆடக் கூடாது என்று விதி வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே மத்தியச் சட்டம் தடை செய்தது. ராத்திரி 12 முதல் 5 வரை என்று ஒரு அரசாங்கம் மணி குறித்துச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் அந்த நேரத்தில் கண் விழித்துக் கிடந்திருப்பார்கள்! அவர்கள் காலையில் எட்டரை மணிக்கு செக்கிங் டேபிளில் நின்றால் ஓட்டைதான் தெரியுமா, கறைதான் தெரியுமா?

அப்புறம் சனிக்கிழமை. சம்பள நாள். சாயங்காலம் சிட்கோ ரோட்டில் கறிக்கடைக்கும் கூட்டம், மதுக்கடைக்கும் கூட்டம். 2024-25-ல் திருப்பூர் உலகத்துக்கே தைத்து அனுப்பிய பின்னலாடையின் மதிப்பு கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய். அதே வருடம் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி. ஒன்று ஓர் ஊரின் கணக்கு, மற்றது ஒரு மாநிலத்தின் கணக்கு. தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் இத்தனை லட்சம் கைகள் வருடம் முழுக்க ஏற்றுமதிக்குத் தைத்ததைவிட அது பெரிய எண் என்பதை வாசித்த அன்று நான் பேப்பரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். சனிக்கிழமை குடிப்பவர் சனிக்கிழமையை மட்டும் இழப்பதில்லை. ஞாயிறு படுக்கையில் போகிறது, திங்கள் பாதி லீவில் போகிறது. திங்கட்கிழமை வராத ஆளை சூப்பர்வைசர் திட்டுவதுகூட இல்லை. முக்கியமான வேலைக்கு அவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

சரி, அந்தக் கால் மணியில் என்னதான் செய்வது? செக்கிங் டேபிளில் நிற்கிற ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒரு பையன். பையரிடமிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறார், பெட்டியைத் திறந்து சில பீஸை எடுக்கிறார், பாஸ் என்கிறார் அல்லது ஃபெயில் என்கிறார். பையன் அதை மழை பெய்கிற மாதிரி பார்க்கிறான். ஏன் பெய்தது என்று கேட்பதில்லை. அதற்கு ஏ.க்யூ.எல். என்று ஓர் அட்டவணை உண்டு. மொத்தமே ஒரு பக்கம். 1,000 பீஸ் லாட் என்றால், வழக்கமான அளவில் 80 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். 2.5 என்பது விதியானால், பெரிய குறை 5 வரை இருந்தால் பாஸ், 6 ஆகிவிட்டால் ரிஜெக்ட். இது தெரிந்த பையன் பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே தானே 80 பீஸை எடுத்துப் பார்த்து, "அண்ணா, இந்த லாட் நிக்காதுங்க" என்று சொல்லுவான். ஒரு தடவை அவன் சொன்னது சரியாகிவிட்டால், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் அவனைத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள்.

இரண்டாவது, துணிக் கணக்கு. மெர்ச்சண்டைசர் ஏசி ரூமில் போடுகிற கணக்குதான், ஒன்றும் மந்திரம் இல்லை. உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, கூட்டினால் 104. மார்பு அகலம் 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் சேர்க்க இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர சென்டிமீட்டர். துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால், 180-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுக்க வேண்டும். 217 கிராம். வேஸ்ட் தனி. 10,000 பீஸ் ஆர்டரில், பீஸுக்கு வெறும் 5 கிராம் தப்பினால் 50 கிலோ துணி தப்பும். வருகிற லாபமே அந்த 50 கிலோவில் காணாமல் போவதுண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குக்கூட இல்லை இது. ஆனால் தெரிந்தவர் சுவருக்கு ஒரு பக்கமும் தெரியாதவர் மறுபக்கமும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் கல்லூரிக்குப் போனவர்கள்தான் கற்க முடியும் என்றில்லை. கோவை அரசூர்ப் பக்கம் கே.பி.ஆர். மில்லில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள், ஷிப்ட் முடிந்த பிறகு அங்கேயே வகுப்பில் உட்காருகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் வாங்கியவர்கள் என்று அங்கிருந்து ஆயிரக்கணக்கில் வெளியே வந்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நூற்பு மிஷின் முன்னால் நின்ற காலோடு போய் பாடம் கேட்பது லேசான காரியமில்லை. விடுதி வாழ்க்கையில் எத்தனையோ கட்டுப்பாடு, அதைப் புகழ வரவில்லை. சோர்வு எல்லாருக்கும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

பழக்கம் மாற எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துப் பார்த்தார். 2010-ல் ஆய்விதழில் வந்தது. ஒரு காரியம் யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய, நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. 48 நாள் மண்டலம் என்று நம் பெரியவர்கள் வைத்தது கொஞ்சம் அவசரம் போல! அந்த ஆய்வில் பெரியப்பாவுக்குப் பிடித்த இடம் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. நம் பையன்கள் ஒரு நாள் தவறினால், "அவ்வளவுதான், போச்சு" என்று முழுசாக விட்டுவிடுகிறார்கள். வேப்பமரத்தடிக்காரரும் தை ஒன்றாம் தேதி சீட்டை விட்டு, பத்தாம் தேதி ஒரு ஆட்டம் போட்டு, "இனி அடுத்த தை" என்று பதினோரு மாதம் ஆடியவர்தான்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, கம்பெனிகளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்த நாட்கள் வந்தன. இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட நாட்கள் வந்துகொண்டேதான் இருக்கும். 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோதும் இதே கதைதான். வேலை இல்லாத மத்தியானங்களில் ஷெட்டுக்குள்ளே ஒரு மிஷின் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டால், யாரோ ஒரு பையன் கட்டிங் வேஸ்டில் தைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

வருகிற ஞாயிறு காலையில் வீட்டுக்கு வா. உன் பெரியம்மா சந்தகை பிழிகிறாளாம். வரும்போது அளவு டேப்பும், உங்கள் கம்பெனியில் ரிஜெக்ட்டான ஒரு டீ-சர்ட்டும் எடுத்துக்கொண்டு வா. கேட்டு வாங்கிக்கொண்டு வா, சும்மா எடுத்து வந்துவிடாதே. தையல் பிரித்து அந்த 217 கிராம் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போனையும் கொண்டு வா. கால்குலேட்டர் அதில்தானே இருக்கிறது.

வேப்பமரத்தடிக்காரர் யார் என்று உன் அம்மாவிடம் கேட்காதே, அவளுக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் கேட்டால் சிரிப்பாள்.

அன்புடன்,
பெரியப்பா