நடுக்கட்டத்தை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி: விழுப்புரத்தில் நடந்த சதுரங்கப் போட்டியில் எதிராளி ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்த, என் மகனோ குதிரையை எடுத்துவிட்டுப் பிஷப்பை மூலையோரம் வைத்தான். நடுக்கட்டங்களை இப்படி விட்டுக்கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: தாராளமாக. எதிராளி சிப்பாய்களால் மத்தியை நிரப்பும்வரை பொறுத்திருந்து, பின்னர் தூரத்திலிருந்து அதைத் தகர்ப்பதே இந்த ஆரம்பத்தின் தத்துவம். இதற்கு இந்தியத் தற்காப்பு என்று உலகம் நாமகரணம் செய்யக் காரணபூதராயிருந்தவர், 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டரோடு பல ஆட்டங்கள் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளி. நம் தேசத்துப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டந்தான் உண்டாகையால், அந்தப் பழக்கத்தில் ஊறிய கை, ஐரோப்பிய விதிகளின்கீழும் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிப் பிஷப்புக்கு வழி திறந்தது சுபாவமே. 1855-இல் அவர் ஆடிய ஓர் ஆரம்பம், 1922-இல் அதை ஆடிய வியன்னாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டின் பெயரால் இன்று வழங்குவது எனக்கு மனத்தாங்கலே.

தங்கள் குமாரனுக்கு ஒன்று சொல்லுங்கள்: கோட்டை கட்டிய பிறகு, ராஜாவின் சிப்பாயையோ ராணிப்பக்கத்துப் பிஷப்பின் சிப்பாயையோ முன்செலுத்தி மத்தியைத் தாக்கத் தாமதிக்கலாகாது, தாமதித்தால் காய்கள் நகர இடமின்றித் திணறும்.